இயங்குதளம் எழுத எந்த மொழி? முதலில் கீழே பாருங்கள்

விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்ற இயங்குதளங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி தவறாமல் வரும். "பைத்தான் நிரல்மொழி இவ்வளவு சுலபமாக இருக்கிறதே, அதிலேயே ஓர் இயங்குதளம் எழுதினால் என்ன?" கேட்பவர் பெரும்பாலும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவராக இருப்பார். பதில் சொல்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். "பைத்தான் மெதுவானது, சி வேகமானது, அதனால் சி மொழியில்தான் எழுத முடியும்" என்பார்கள் ஒரு பக்கம். "எந்த மொழியிலும் எதையும் எழுதலாம், எல்லாம் பழக்கம்தான்" என்பார்கள் இன்னொரு பக்கம்.

இந்த இரண்டு பதிலும் கேட்டவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகின்றன. வேகம் முக்கியம்தான், ஆனால் அது பிறகு வருகிற விஷயம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு மொழியில் எழுதிய நிரல் ஓட வேண்டுமானால், அதற்குக் கீழே என்னவெல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்க வேண்டும்? இதைப் பிடித்துக்கொண்டால் சி, சி++, கோ, ரஸ்ட் என்று பெயர்கள் வரும்போது தலை சுற்றாது. நிரல் எழுதிப் பெரிதாகப் பழக்கமில்லாதவரும் தொடரக்கூடிய விதத்தில் சொல்லப் பார்க்கிறேன்.

## மண்டபமும் பொட்டலும்

ஒரு சமையல்காரர் கல்யாண மண்டபத்துக்குப் போகிறார். காஸ் அடுப்பு, குழாயில் தண்ணீர், அண்டா, விளக்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. அவர் சமைத்தால் போதும். அதே சமையல்காரர் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு ஊருக்கு வெளியே ஒரு பொட்டலுக்குப் போகிறார் என்று வையுங்கள். மூன்று கல் தேடி அடுப்புக் கூட்ட வேண்டும், விறகு வேண்டும், தண்ணீர் எங்கிருந்தாவது சுமந்து வர வேண்டும். சமைக்கப்போவது அதே சாம்பார்தான். ஆனால் கையில் எடுத்துப்போகும் சாமான்கள் மாறிவிடும். மின்சார கிரைண்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொட்டலில் அது ஒரு சுமை. அம்மிக்கல் வேலை செய்யும்.

நாம் போனிலும் கம்ப்யூட்டரிலும் பயன்படுத்தும் ஆப்கள் எல்லாம் மண்டபத்தில் சமைப்பவை. ஃபைலைத் திற, திரையில் எழுது, கொஞ்சம் இடம் கொடு என்று கேட்டால் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. அந்த மண்டபம்தான் இயங்குதளம். அதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பிராசசர், நினைவகம், கீபோர்டு போன்ற கருவிகளை நேரடியாகத் தொட்டு, யாருக்கு எது எப்போது என்று பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.

கெர்னலை எழுதுகிறவருக்கு மண்டபம் கிடையாது. அவர்தான் அதைக் கட்டப்போகிறார். பழைய பயாஸ் முறையில் (பயாஸ் என்பது கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிந்திருந்து அதைத் துவக்கிவைக்கும் சிறு நிரல்) துவங்கும் ஒரு பிசியை எடுத்துக்கொள்வோம். பவர் பட்டனை அழுத்தியதும் அது வட்டின் முதல் 512 பைட்டுகளை எடுத்து, நினைவகத்தில் 31,744 என்ற முகவரியில் வைத்துவிட்டு, "இனி உன் பாடு" என்று பிராசசரை அங்கே அனுப்பிவிடும். அந்த 512 பைட்டுக்குள் நம்முடைய முதல் நிரல் அடங்க வேண்டும். ஃபைல் என்ற கருத்தே அங்கே இன்னும் பிறக்கவில்லை.

முகவரி என்று சொன்னேன். நினைவகத்தை வரிசையாக எண் போட்ட தபால் பெட்டிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். பெட்டியின் வரிசை எண்தான் முகவரி.

இப்போது ஒரு சின்னச் சோதனை. பிசியின் பழைய எழுத்துத் திரை வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரி கொண்டது. அந்தத் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது 7,53,664 என்ற முகவரியிலிருந்து தொடங்கும் பெட்டிகளில் இருக்கிறது. அங்கே 65 என்ற எண்ணை வைத்தால் திரையின் இடது மேல் மூலையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து தெரியும். கெர்னல் எழுத வரும் எந்த மொழியிடமும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: "7,53,664-ஆம் பெட்டியில் 65-ஐ வை" என்று உன்னால் சொல்ல முடியுமா? யாருடைய உதவியும் இல்லாமல் அதைச் செய்ய முடியுமா?

## மொழியோடு கூடவே வரும் ஆட்கள்

பைத்தானில் ஒரு வரி எழுதினால் பிராசசருக்கு அது நேரடியாகப் புரியாது. நடுவில் இன்டர்ப்ரெட்டர் என்ற ஒரு நிரல் உட்கார்ந்து, நாம் எழுதியதைப் படித்துப் படித்து அதன்படி செய்கிறது. பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான் இன்டர்ப்ரெட்டர் சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கு இடம் வேண்டுமென்றால் இயங்குதளத்திடம் கேட்கும், ஃபைல் வேண்டுமென்றாலும் அங்கேதான் கேட்கும். இப்படி ஒரு மொழியின் நிரல் ஓடும்போது கூடவே ஓடிக்கொண்டிருக்க வேண்டிய துணை நிரல்களை ரன்டைம் என்கிறோம். ஜாவா, கோ போன்ற மொழிகளுக்கும் கனமான ரன்டைம் உண்டு.

முடிச்சு எங்கே விழுகிறது என்று இப்போது தெரியும். கெர்னலைப் பைத்தானில் எழுதினால், அது ஓட இன்டர்ப்ரெட்டர் வேண்டும். இன்டர்ப்ரெட்டர் ஓட அதற்கு இடமும் வசதியும் தரும் கெர்னல் வேண்டும். பைத்தானின் வேகத்தை நூறு மடங்கு கூட்டினாலும் இந்த முடிச்சு அவிழாது. 7,53,664 சோதனையிலும் அது தேறாது. "இந்த எண்ணுள்ள பெட்டியில் எழுது" என்பதைச் சொல்ல அதன் இயல்பான இலக்கணத்தில் இடமே இல்லை. பெட்டி எண்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவைக்கும் மொழி அது. ஆப் எழுதுகிறவருக்கு அது பெரிய வரம்.

"மைக்ரோபைத்தான் என்ற குட்டிப் பைத்தான் இயங்குதளம் இல்லாத சின்ன போர்டுகளிலும் ஓடுகிறதே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேயும் கருவிகளைத் தொடும் அடிவேலையை, மைக்ரோபைத்தானுக்குள்ளேயே சி மொழியில் எழுதி வைத்திருக்கும் பகுதி செய்கிறது. நாம் இந்தக் கட்டுரையில் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பகுதியை எதில் எழுதுவது என்பதைப் பற்றித்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். கெர்னலுக்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே கனமான ரன்டைம் கேட்கும் மொழி அங்கே தானாக நிற்காது. முகவரியைத் தொட்டு எழுதும் வழியும் மொழியில் இருந்தாக வேண்டும்.

## தவிர்க்கவே முடியாத சில வரிகள்

யாரையும் எதிர்பார்க்காத மொழி என்றால் அது அசெம்பிளி. பிராசசருக்குத் தெரிந்த கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயர்களால் எழுதுவது. எழுதுகிற ஒவ்வொரு வரியும் ஏறக்குறைய ஒரு கட்டளை. நம் சோதனையை ஒரே வரியில் முடித்துவிடும்.

இன்று எந்த மொழியில் கெர்னல் எழுதினாலும் கொஞ்சம் அசெம்பிளி இருந்தே தீரும். பூட் ஆகும் முதல் நொடியில் பிராசசரைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது ஓர் இடம். ஒரு வேலையை நிறுத்திவிட்டு இன்னொன்றைத் தொடங்கும்போது, பிராசசருக்குள் இருக்கும் எண்களை எடுத்துப் பத்திரப்படுத்துவது இன்னோர் இடம். பிராசசருக்குள் இருக்கும் இந்தக் குட்டிப் பெட்டிகளுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். சி போன்ற மொழிகளின் இயல்பான இலக்கணத்தில் அந்த ரெஜிஸ்டர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது.

நான் பயிற்சிக்காக முதன்முதலில் எழுதிய குட்டிக் கெர்னலில், ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும். கீபோர்டு கூப்பிட்டதும் பிராசசர் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு அதைக் கவனிக்கப் போகும். திரும்பி வரும்போது எல்லா ரெஜிஸ்டரும் பழையபடி இருக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் பத்திரப்படுத்தவில்லை. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. பிழை எங்கே என்று சொல்லக்கூட ஒருவரும் இல்லாத இடம் அது என்பது அன்றுதான் உறைத்தது.

அப்படியானால் முழுவதையும் அசெம்பிளியில் எழுதலாமே? எழுதினார்கள். அசெம்பிளி ஒரு பிராசசர் குடும்பத்துக்கு மட்டும் சொந்தம் என்பதுதான் தொல்லை. இன்டெல் பிசிக்கு எழுதியதில் ஒரு வரிகூட போனில் இருக்கும் ஆர்ம் பிராசசருக்குப் புரியாது.

## சி மொழி எப்படி அங்கே வந்து உட்கார்ந்தது

1969-இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவத்தை எழுதினார். அது பிடிபி-7 என்ற மெஷினின் அசெம்பிளியில் இருந்தது. அப்புறம் பிடிபி-11 வந்தது. பழைய அசெம்பிளி அதற்குப் புரியாது, மறுபடி எழுத வேண்டியதாயிற்று. தாம்சனிடம் பி என்ற ஒரு சிறு மொழியும் இருந்தது. பி மொழியில் எழுத்து, எண், முகவரி என்ற வேறுபாடே கிடையாது, எல்லாம் ஒரே அளவுள்ள எண்கள். பிடிபி-11 மெஷினோ நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாகத் தொடக்கூடியது. பி மொழிக்கு அது ஒத்துவரவில்லை. தாம்சனோடு வேலை பார்த்த டென்னிஸ் ரிட்சி அதில் வகைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அப்படி வளர்ந்ததுதான் சி.

1972-இல் தாம்சன் அன்றைய சி மொழியில் கெர்னலை எழுதிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். அப்போது சி மொழியில் ஸ்டிரக்சர் கிடையாது. பல தகவல்களை ஒரே கட்டாக, நினைவகத்தில் இன்னதற்குப் பின் இன்னது என்ற வரிசையில் வைத்துக்கொள்ளும் வசதிதான் ஸ்டிரக்சர். ரேஷன் அட்டையில் பெயர் இந்த இடத்தில், முகவரி அந்த இடத்தில் என்று கட்டம் போட்டிருப்பது மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் கெர்னல் இப்படி ஓர் அட்டை வைத்திருக்கிறது. கருவிகளும் தங்கள் தகவல்களை இப்படிக் கட்டம் கட்டமாகத்தான் எதிர்பார்க்கின்றன. சி மொழியில் ஸ்டிரக்சர் சேர்ந்த பிறகு, 1973 கோடையில் யூனிக்ஸ் கெர்னல் சி மொழியில் எழுதப்பட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இயங்குதளம் எழுத சி மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வது பாதிதான் சரி. இயங்குதளம் எழுதும்போது கையில் எது இடித்ததோ, அதைச் சீவிச் சீவி வந்த உருவம்தான் சி. அதனால்தான் அந்த வேலைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

உயர்நிலை மொழியில், அதாவது அசெம்பிளிக்கு மேலே மனிதர் எழுத வசதியாக உள்ள மொழியில், எழுதிய முதல் இயங்குதளம் யூனிக்ஸ் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. 1960-களிலேயே பர்ரோஸ் நிறுவனத்தின் மெஷின்களில் அல்கால் வகை மொழியில் எழுதிய இயங்குதளம் ஓடியது. மல்டிக்ஸ் இயங்குதளம் பிஎல்/1 மொழியில் எழுதப்பட்டது. யூனிக்ஸ் வேறொன்றைக் காட்டியது. 1977 வாக்கில் இன்டர்டேட்டா 8/32 என்ற முற்றிலும் வேறான மெஷினுக்கு அதை எடுத்துப்போனபோது, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு கெர்னலை மெஷின் விட்டு மெஷின் கொண்டுபோகலாம் என்பது அப்போது உறுதியானது.

சரி, சி தனக்குக் கீழே என்ன கேட்கிறது? ஏறக்குறைய ஒன்றே ஒன்று, ஸ்டாக். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து எடுப்பது போல, தற்காலிகத் தகவல்களை அடுக்கி எடுக்கும் ஓர் இடம். நான்கைந்து வரி அசெம்பிளியில் "இந்த இடம்தான் உன் ஸ்டாக்" என்று காட்டிவிட்டால், அங்கிருந்து சி நிரல் ஓடத் தொடங்கிவிடும். சி நிரலைப் பிராசசரின் கட்டளைகளாக முன்கூட்டியே மாற்றிவைப்பது கம்பைலர் என்ற நிரலின் வேலை. ஓடும்போது அது கூட இருக்க வேண்டியதில்லை. திரையில் எழுத்தைக் காட்டுவதற்குப் பாடப்புத்தகத்தில் முதலில் கற்றுத்தரும் பிரிண்ட்எஃப் கெர்னலுக்குள் கிடையாது, அது மண்டபத்துச் சாமான். லினக்ஸ் கெர்னல் தனக்கென்று பிரிண்ட்கே என்ற ஒன்றை எழுதி வைத்திருக்கிறது.

7,53,664 சோதனை? சி மொழியில் ஓர் எண்ணை எடுத்து, "இதை முகவரியாக நினை" என்று சொல்லலாம். முகவரியைத் தாங்கிய அப்படிப்பட்ட மதிப்புக்குப் பாயின்டர் என்று பெயர். அதன் வழியே 65-ஐ வைத்தால் வேலை முடிந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை. "இங்கே எழுதியதை நிரலில் யாருமே திரும்பப் படிக்கவில்லையே, வீண் வேலை" என்று கம்பைலர் அந்த வரியை நீக்கிவிடக்கூடும். அப்படிச் செய்யாதே என்று சொல்ல வாலடைல் என்ற சொல் சி மொழியில் இருக்கிறது.

ஆக, சி ஜெயித்ததற்குக் காரணம் வேகம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அது கேட்பது மிகக் குறைவு, முகவரிகளைத் தயங்காமல் தொடுகிறது, மெஷின் மாறினாலும் கூட வருகிறது.

## பழைய சாவி

இந்தத் தயக்கமின்மைக்கு ஒரு விலை உண்டு. 7,53,664 என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் இலக்கம் தவறிப்போனால் சி ஒன்றும் கேட்காது. அங்கே யாருடைய தகவல் இருந்தாலும் அதன்மேல் எழுதிவிடும்.

ஒரு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டீர்கள், ஆனால் சாவியின் நகல் ஒன்று பையிலேயே தங்கிவிட்டது. ஆறு மாதம் கழித்துப் பழைய நினைப்பில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறீர்கள். இப்போது அங்கே வேறு குடும்பம். கெர்னலில் இது அடிக்கடி நடக்கிறது. ஓர் இடத்தை வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து, பிறகும் பழைய பாயின்டரை வைத்து அங்கேயே எழுதுவது. தாக்க நினைப்பவர் அந்த இடத்தில் தனக்கு வேண்டியதைக் குடிவைத்துவிட்டால் மெஷினே அவர் கைக்குப் போய்விடும். இன்னொரு வகை, வரிசையின் எல்லையைத் தாண்டிப் படிப்பது. இப்படிப்பட்டவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் நினைவகப் பிழை.

2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுவதும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் திரைகள் நீலமானது நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் கெர்னலுக்குள் ஓடும் ஒரு பகுதி உண்டு. அதற்கு வந்த புதுத் தகவல் கோப்பு 21-வது மதிப்பைப் பார்க்கச் சொன்னது. உள்ளே கொடுக்கப்பட்டிருந்தவை 20 மட்டுமே. இல்லாத 21-வதைப் படிக்கப் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. ஓர் ஆப்பில் இதே பிழை வந்தால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் தாங்கிப் பிடிக்கக் கீழே யாரும் இல்லை.

கவனமாக எழுதினால் போதாதா? நானும் பல காலம் அப்படித்தான் நம்பினேன். ஆனால் மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்ன கணக்கின்படி, அவர்கள் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் நினைவகப் பிழைகள். குரோம் பிரவுசரின் கடுமையான பாதுகாப்புப் பிழைகளிலும் அதே 70 சதவீதம் என்று குரோம் குழுவினர் 2020-இல் சொன்னார்கள். அவற்றை எழுதியவர்கள் அனுபவமும் கவனமும் உள்ளவர்கள்தான். சி மொழியில் எழுதிய கெர்னலைப் பிழையற்றது என்று கணித முறையில் நிரூபித்ததும் உண்டு. எஸ்இஎல்4 என்ற அந்தக் கெர்னல் சுமார் 8,700 வரிகள் கொண்டது, நிரூபணம் 2009-இல் முடிந்தது. அதற்கே ஓர் ஆய்வுக் குழுவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. லினக்ஸில் மூன்று கோடி வரிகளுக்கு மேல் இருக்கின்றன.

## சி++ பற்றிச் சுருக்கமாக

சி++ மொழி சி மொழியின் மேல் பல வசதிகளை ஏற்றியது. கெர்னலுக்குள் அதைக் கொண்டுபோகும்போது சிலவற்றை வாசலிலேயே விட்டுவிட வேண்டியிருக்கும். பிழை நேர்ந்தால் பல படி மேலே தாவிப் போகும் எக்செப்ஷன் வசதி அதில் முக்கியமானது. அது வேலை செய்யக் கூடவே ஒரு ரன்டைம் வேண்டும். ஆப்பிள் தன் டிரைவர்களுக்கான கட்டமைப்பில் எக்செப்ஷன் போன்றவற்றை நீக்கிய சி++ மொழியைத்தான் பயன்படுத்தியது. டிரைவர் என்பது குறிப்பிட்ட ஒரு கருவியோடு பேசும் கெர்னல் பகுதி. ஹைக்கூ இயங்குதளமும் கூகுளின் ஸிர்கான் கெர்னலும் சி++ மொழியில் எழுதப்பட்டவை. ஆக, முடியாது என்பதில்லை. லினக்ஸும் 1992 வாக்கில் சி++ கம்பைலரை முயன்று பார்த்து, விரைவிலேயே சி மொழிக்குத் திரும்பியது. பழைய சாவிப் பிரச்சினையை சி++ குறைக்கிறது, ஒழிப்பதில்லை.

## இலை எடுக்க ஆள் இருந்தால்

சி மொழியில் சாப்பிட்டவரே தன் இலையை எடுத்துப் போட வேண்டும். மறந்தால் இடம் அடைந்துபோகும். இன்னொருவர் இலையை எடுத்துவிட்டால் சண்டை. கோ, ஜாவா, சி ஷார்ப் போன்ற மொழிகளில் அதற்கென்றே ஓர் ஆள் பந்தியில் சுற்றி வருகிறார். யார் எழுந்துவிட்டார்கள் என்று பார்த்து அந்த இலைகளை மட்டும் எடுக்கிறார். இவருக்குக் கார்பேஜ் கலெக்டர் என்று பெயர். பழைய சாவிப் பிழை இந்த மொழிகளில் ஏறக்குறைய வராது. ஆனால் அவர் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சில கணங்களில் பரிமாறுகிறவர்கள் நிற்க வேண்டியிருக்கும். அவருக்கும் சம்பளம் உண்டு, அது பிராசசரின் நேரம்.

இப்படியும் கெர்னல் எழுதியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் சுவிட்சர்லாந்தில் 1980-களில் தொடங்கிய ஓபரான் இயங்குதளம் அப்படிப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் சிங்குலாரிட்டி, சி ஷார்ப் மொழியிலிருந்து கிளைத்த ஒரு மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட பிஸ்கட் என்ற கெர்னல்தான் எனக்கு நல்ல சான்று. ஏனென்றால் அவர்கள் விலையை அளந்து காட்டினார்கள். சுமார் 28,000 வரிகள் கோ மொழியில், 1,500 வரிகள் அசெம்பிளியில். ஏறக்குறைய ஒரேமாதிரியான கெர்னல் பகுதிகளை இரண்டு மொழியிலும் எழுதி ஒப்பிட்டபோது கோ வடிவம் 5 முதல் 15 சதவீதம் மெதுவாக இருந்தது. ஒரு சோதனையில் கலெக்டரால் ஏற்பட்ட மிக நீண்ட நிறுத்தம் 115 மைக்ரோ நொடி (ஒரு நொடியில் பத்து லட்சம் மைக்ரோ நொடி).

5 முதல் 15 சதவீதம்! "மெதுவானது, முடியவே முடியாது" என்று சொல்கிறவர்கள் மனத்தில் இருக்கும் இடைவெளி இதைவிடப் பல மடங்கு பெரிது. என்றாலும் கோ மொழியின் ரன்டைம் தனக்குக் கீழே இயங்குதளம் இருக்கிறது என்று நம்பியே எழுதப்பட்டது. அதை ஏமாற்ற, கீழே ஒரு மெல்லிய அடுக்கைத் தனியாகக் கட்டவேண்டியிருந்தது. கோடிக்கணக்கான மெஷின்களில் ஓடும் கெர்னலுக்கு அந்த 15 சதவீதமும் பெரிய செலவு.

சுருக்கமாக, சி மொழியில் கீழே ஒன்றும் வேண்டாம், ஆனால் பாதுகாப்பு முழுக்க எழுதுகிறவர் பொறுப்பு. கார்பேஜ் கலெக்டர் உள்ள மொழியில் பாதுகாப்பு கிடைக்கிறது, ஆனால் ஓர் ஆளைக் கூடவே அழைத்துப்போக வேண்டும்.

## ரஸ்ட்: பட்டா யார் பெயரில்?

கூட ஆள் இல்லாமலே பாதுகாப்பு கிடைக்குமா என்ற கேள்விக்கு ரஸ்ட் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2006-இல் கிரேடன் ஹோர் என்ற நிரலாளர் தன் சொந்த முயற்சியாகத் தொடங்கியது, பிறகு ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மோசில்லாவின் ஆதரவில் வளர்ந்து 2015-இல் 1.0 பதிப்பு வந்தது.

அதன் அடிப்படை, நிலத்துக்குப் பட்டா மாதிரி. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஓர் உரிமையாளர். இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் பழையவர் அதன்பிறகு அங்கே கால் வைக்க முடியாது. உரிமையாளர் வேலை முடிந்து போகும்போது இடமும் தானாகத் திரும்பிவிடும். இடையில் பிறரை உள்ளே விடலாம். வெறுமனே பார்ப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். மண்ணை வெட்ட ஒருவரை விட்டால், அவர் முடிக்கும்வரை வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது.

இந்தப் பத்திரங்களை எல்லாம் நிரல் ஓடும்போது யாரும் சரிபார்ப்பதில்லை. கம்பைலர் முன்பே பார்த்துவிடுகிறது. வில்லங்கம் இருந்தால் நிரலே உருவாகாது. புதிதாகக் கற்பவரை இது வெகுவாகச் சோதிக்கும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் எந்த இரண்டு இரவுகளை நான் முன்பு சொன்னேனோ, அந்த மாதிரி இரவுகளில் பலவற்றை இது முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. எல்லாவற்றையும் அல்ல. நான் செய்தது அசெம்பிளிப் பிழை, அங்கே ரஸ்ட் எட்டிப் பார்க்காது.

7,53,664 சோதனையில் ரஸ்ட் சொல்லும் பதில் சுவாரஸ்யமானது. "அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, பத்திரமும் இல்லை. உன் பொறுப்பில் எழுதுவதானால் அன்சேஃப் என்று குறித்த ஒரு கட்டத்துக்குள் எழுது" என்கிறது. கருவியைத் தொடும் எந்தக் கெர்னலிலும் இப்படிப்பட்ட கட்டங்கள் இருந்தே தீரும். அதைக் காட்டி "பார்த்தீர்களா, ரஸ்ட்டும் பாதுகாப்பில்லை" என்று வாதிடுகிறவர்கள் விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். பிழை வந்தால் எங்கே தேடுவது என்று தெரிவதுதான் ஆதாயம். சி மொழியில் தேட வேண்டியது முழு நிரலையும்.

ரஸ்ட்டுக்கும் எல்லைகள் உண்டு. இருபது இருக்கும் இடத்தில் 21-வதைக் கேட்டால் ரஸ்ட் அங்கேயே நிறுத்திவிடும், அதற்குப் பேனிக் என்று பெயர். கெர்னலுக்குள் பேனிக் வந்தால் மெஷினும் நிற்கலாம். அடுத்தவர் தகவலைப் படித்துவிடுவதைவிட அது மேல், ஆனால் விமான நிலையத்துத் திரை அப்போதும் போயிருக்கும். "இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்" என்ற வடிவில் கேட்க ரஸ்ட்டில் வழி இருக்கிறது. அப்படி எழுதுவது நிரலாளர் கையில்.

லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட்டுக்கான முதல் அடித்தளம் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் சேர்ந்தது. அதைச் சுற்றிக் கடுமையான வாக்குவாதங்களும் நடந்தன. பல்லாண்டுகளாக ஒரு பகுதியைக் காத்துவரும் சி நிரலாளர், தனக்குத் தெரியாத மொழியில் வரும் மாற்றத்துக்கும் பொறுப்பேற்க வேண்டுமா என்பது நிஜமான கவலை. ஆண்ட்ராய்டை உருவாக்குகிறவர்களின் அனுபவம் இங்கே உதவுகிறது. அவர்கள் பழைய நிரலை மொத்தமாகத் தூக்கி எறியவில்லை. புதிதாக எழுதுவதை மட்டும் ரஸ்ட், காட்லின் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2019-இல் அவர்களின் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதமாக இருந்த நினைவகப் பிழைகள் 2024-இல் 24 சதவீதமாகக் குறைந்தன. மூன்று கோடி வரிகளையும் மாற்றி எழுதினால்தான் பயன் என்ற எண்ணம் தவறு என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

## அப்படியானால் நீங்கள் எதை எடுப்பது?

கற்றுக்கொள்வதற்காக ஒரு சின்னக் கெர்னல் எழுதப்போகிறீர்கள் என்றால், முதலில் சி எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். எம்ஐடி பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 சில ஆயிரம் வரிகள்தான், சி மொழியில் இருக்கிறது, முழுவதையும் ஒரு விடுமுறையில் படித்துவிடலாம். பழைய சாவிப் பிழையை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு, ரஸ்ட் கம்பைலர் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று தானாகப் புரியும்.

மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்தப்போகும் புதுக் கெர்னலையோ டிரைவரையோ தொடங்குகிறீர்கள் என்றால், இன்று எனக்கு ரஸ்ட்தான் முதல் தேர்வு. உங்கள் மெஷினின் பிராசசருக்கு ரஸ்ட் கம்பைலர் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய, அரிதான பிராசசர்களுக்கு சி கம்பைலர் மட்டுமே கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் கெர்னலில் வேலை என்றால் தேர்வே உங்களிடம் இல்லை, அங்கே என்ன மொழியோ அதைப் படியுங்கள்.

எதை எடுத்தாலும் உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரைப் பணயம் வைக்க வேண்டாம். கியூஎமு என்ற இலவச மென்பொருள் ஒரு முழுப் பிசியையும் நடித்துக் காட்டும், எத்தனை முறை விழுந்தாலும் மறுபடி எழுந்து வரும். முதல் நாள் வேலைக்குச் சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூட் ஆக ஒரு சில வரி அசெம்பிளி, ஸ்டாக்கைக் காட்ட ஒரு வரி, அங்கிருந்து உங்கள் மொழிக்கு ஒரு தாவல். பிறகு 7,53,664-இல் 65, அடுத்த பெட்டியில் நிறத்துக்காக 2. கறுப்புத் திரையின் மூலையில் பச்சையாக ஓர் எழுத்து வந்தால், அதை அங்கே வைத்தது நீங்கள்தான், நடுவில் வேறு எவரும் இல்லை.